பின்னணியில் வரைந்த ஊர்

ஃபுட்ஸ்க்ரே, மெல்பர்ன்
4 மார்ச் 2006

அன்பு அக்காவுக்கு,

முதுகுவலி எப்படி இருக்கிறது? உன் குட்டி மகள் டில்லிக்கு அந்தப் பாழாய்ப்போன இருமல் விட்டதா? எனக்கு வலது மணிக்கட்டு வீங்கியதைத் தவிர ஒரு குறையும் இல்லை. இந்தக் கடிதம் நம் கடிதங்களை மாற்றிவிடும் ஹெஸ்டரின் கைக்குப் போய், அவள் வேறு உறையில் போட்டு உனக்கு அனுப்பி, நீ பிரிப்பதற்குள் வீக்கமும் வடிந்துவிடும்.

விஷயத்துக்கு வருகிறேன். முதலில் உட்கார். கீத் என் கதையை எடுத்துக்கொண்டான்! ஜப்பான் பாணியில் அவன் நடத்தும் காலாண்டு காமிக்ஸ் இதழில் ஒவ்வொரு தடவையும் என் கதாநாயகி தபால்காரிக்கு முப்பது பக்கம். இத்தனை வருடம் நானே வரைந்து, நானே நகல் எடுத்து, நானே பின் அடித்து, காமிக்ஸ் திருவிழாவில் மேசை போட்டுக் கூவி விற்றது போதும். இனி பத்திரிகைக் கடையில் மீன்பிடி இதழுக்கும் தோட்ட இதழுக்கும் நடுவில் நானும் உட்காருவேன்.

போன மாதத் திருவிழாவில் ஒரு பெரியவர் என் மேசை முன் நின்று முகத்தைச் சுளித்தார். “ஜப்பான் பக்கமே போனதில்லங்கிற. அப்புறம் எதுக்கும்மா பொம்பளப் புள்ளைக்கு இவ்ளோ பெரிய கண்ணு?” “உங்கள மாதிரி ஆளுங்கள தூரத்துலயே பாத்துடத்தான்” என்றேன். பக்கத்து மேசைக்காரி சிரித்துச் சிரித்துத் தேநீரைக் கொட்டிவிட்டாள்.

இப்போது ஓர் உதவி. கதை கோதுமை ஊரில் நடக்கிறது. தானியக் குதிருக்குள் குடியிருக்கும் காற்றுப் பேயோடு தபால்காரி மல்லுக்கட்டுகிறாள். ஜப்பான்காரர்களுக்குப் பின்னணி வரைந்து கொடுக்கவே ஆட்கள் இருப்பார்கள். புகைப்படத்தை வைத்து ஓடு ஓடாக வரைவார்கள். எனக்கு நான்தான் ஆள். நானோ டிராம் வண்டியைத் தவிர எதையும் பார்ப்பதில்லை. உன் ஊரை நாலைந்து படம் எடுத்து அனுப்பேன். ஊர்ப் பெயரை எங்கேயும் போடமாட்டேன், சத்தியம்.

டில்லிக்கு என் முத்தங்கள். நீ ஒழுங்காகத் தூங்கு.

உன்
நெரிடா


18 மார்ச்

நெரி,

நாங்கள் சுகம். இருமல் விட்டது, முதுகு விடவில்லை. ரொட்டிக் கடையில் மாவு மூட்டை தூக்கினால் எப்படி விடும்? நீ மணிக்கட்டுக்கு மருத்துவரைப் பார். காசு இல்லை என்று கதை சொல்லாதே.

உன் செய்தியைப் படித்துவிட்டு அடுப்படியில் நின்று சத்தம் போட்டேன். முதலாளியம்மா ஓடிவந்து, “என்ன, கையச் சுட்டுக்கிட்டியா?” என்றாள். எங்களுக்கும் ஒரு நல்ல சேதி உண்டு. நாட்டு ரொட்டிக் கடைகளெல்லாம் மோதும் வனிலா ஸ்லைஸ் கேக் போட்டியில் எங்கள் கடைக்குத்தான் இந்த வருடப் பரிசு. டில்லிக்கு முன்பல் விழுந்துவிட்டது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்திக் காட்டினாள்.

படங்கள் உள்ளே இருக்கின்றன. குதிர், பெரிய தெரு, கூரைமேல் தகரச் சேவல் வைத்த எங்கள் கடை. எங்கள் முகம் எதிலும் விழாமல் பார்த்து எடுத்தேன். ஊர்ப் பெயர் வரக்கூடாது. எங்கள் பெயர் வரக்கூடாது. டாரில் கடைசியாக என்ன சொன்னான் என்று உனக்கு நினைவிருக்கும். நீயும்தான் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றாயே. “இன்னொரு தடவ நீ ஓடினா, டில்லிய நான் தூக்கிட்டு ஓடிருவேன். சாகிற வரைக்கும் தேடு.” புருஷனே ஆனாலும் அவன் என்னை நெருங்கக்கூடாது என்று நீதிமன்றம் கொடுத்த உத்தரவு கைப்பையிலேயே இருக்கிறது. காகிதம் எழுந்து நின்று யாரையும் தடுக்காது, நெரி.

டில்லி இப்போது விளக்கை அணைத்துவிட்டுத் தூங்குகிறாள். எனக்கு அது போதும்.

கோரலி


ஃபுட்ஸ்க்ரே
27 மே

என் தங்க அக்காவுக்கு,

குளிர் வந்துவிட்டதே, முதுகுக்கு ஏதாவது தேய்த்துக்கொள்கிறாயா? எனக்குச் சளி. ஆனால் சளியைப் பற்றி யாருக்குக் கவலை? இதழ் வந்துவிட்டது! இதோ உனக்கொன்று. வலப்பக்கத்திலிருந்து படிக்க வேண்டும், மறந்துவிடாதே. ஜப்பான் இதழ் மாதிரியே இருக்க வேண்டும் என்று கீத் ஒற்றைக் காலில் நின்றான்.

பின்னணியைப் பார், அக்கா. விளக்குப் பலகையில் உன் படங்களை வைத்து மூன்று வாரம் இழைத்தேன். அந்தச் சேவலின் உடைந்த வால்கூட அப்படியே இருக்கிறது. பார்த்தவர்கள் எல்லாரும், “இது நெசமாவே இருக்கிற ஊரா?” என்கிறார்கள். சொன்னபடி ஊர்ப் பெயர் இல்லை, உங்கள் பெயர் இல்லை.

ஓரப் பேச்சையும் படி, சிரிப்பாய். எங்கள் பாணியில் வரைகிறவர்களுக்கு அது ஒரு வழக்கம். பக்க ஓரத்தில் ஒரு பட்டை விட்டு, நம்மை நாமே கோமாளி மாதிரி வரைந்து, வாசகர்களோடு அரட்டை அடிப்போம். என்ன தின்றோம், பூனை எதைக் கவிழ்த்தது, எல்லாம் வரும். பாதிப் பெண் பிள்ளைகள் கதைக்கு முன்னால் அதைத்தான் படிக்கிறார்கள். இந்தத் தடவை இப்படி எழுதினேன்: “பின்னணிப் படங்கள் தந்த என் அக்காவுக்கு நன்றி! அவள் வேலை செய்யும் ரொட்டிக் கடைதான் இந்த வருட வனிலா ஸ்லைஸ் போட்டியில் ஜெயித்தது, எல்லாரும் பொறாமைப்படுங்கள்! என் அக்கா மகளுக்கு முன்பல் விழுந்துவிட்டது!”

டில்லிக்குக் காட்டு. அவள் பல் அச்சில் வந்துவிட்டது என்று சொல்.

சந்தோஷத்தில் தலைகால் புரியாத
நெரி


9 ஜூன்

நெரி,

நாங்கள் சுகம். இதழ் வந்தது. குதிரின் நிழல் எங்கள் கூரையில் சாய்ந்து விழுவதைக்கூட விடாமல் வரைந்திருக்கிறாய். கெட்டிக்காரி.

ஓரத்தில் எழுதியதைப் படித்தேன். திரும்பவும் படித்தேன்.

கடைகளுக்குப் போன இதழ்களைத் திருப்பி வாங்க முடியுமா என்று கீத்திடம் கேள். முடியாது என்றால் விடு.

எங்கள் பூனையை அடுத்த வீட்டில் கொடுத்துவிட்டோம். டில்லிக்குப் பூனைமுடி ஒத்துக்கொள்ளவில்லை. அவள் கூந்தலையும் ஒட்ட வெட்டிவிட்டேன், பேன் தொல்லை. கொஞ்ச நாள் எழுதாதே. சளிக்கு ஆவி பிடி.

கோரலி


ஃபுட்ஸ்க்ரே
10 ஜூலை

அக்கா,

எழுதாதே என்றாய், எழுதாமல் இருக்க முடியவில்லை. நீயும் டில்லியும் நன்றாக இருக்கிறீர்கள் என்று ஒரே ஒரு வரி போடு. என் உடம்புக்கு ஒன்றுமில்லை. சோறுதான் இறங்கவில்லை.

உன் கடிதம் வந்த பிறகுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. ஊர்ப் பெயரைப் பூட்டி வைத்துவிட்டு, பரிசைச் சொல்லி வாசல் கதவைத் திறந்து போட்டிருக்கிறேன். கீத்திடம் ஓடினேன். அவன் தலையில் கைவைத்துக்கொண்டு, “வித்துக்கிட்டிருக்கிற புக்க யாராச்சும் திருப்பி வாங்குவாங்களா? நாட்டுல எந்தெந்தக் கடைக்குப் போச்சுன்னு எனக்கே தெரியாது, தாயே” என்றான்.

நேற்றுத் திருவிழாவில் மேசை போட்டிருந்தேன். கையெழுத்துக்காக ஒரு வரிசை. நீல முடி வைத்த பெண், காகிதவாள் செருகிய இரண்டு பையன்கள், அவர்களுக்குப் பின்னால் டாரில்.

முறை வரும்வரை அமைதியாக நின்றான், அக்கா. எனக்கு முன்னால் வந்து இதழை விரித்து வைத்துச் சிரித்தான். “என்ன கொழுந்தியா, பெரிய ஆளாயிட்ட. கையெழுத்துப் போடு.” போட்டேன். சேவல்மேல் விரலை வைத்து, “எந்த ஊரு இது?” என்றான்.

“கற்பனை ஊரு.”

“கற்பனை ஊருல பரிசெல்லாம் குடுக்கிறாங்களா?”

அவன் குனிந்து, “இங்க எல்லாரும் படம் வரைஞ்சு வாங்கிட்டுப் போறாங்களே, எனக்கும் ஒண்ணு குடு. எம்பொண்ண வரை” என்றான். பின்னால் கூட்டம் நிற்கிறது. கத்தினால் என்னவென்று சொல்லிக் கத்துவது? கடைசியாக அவன் பார்த்த டில்லியை, இரட்டைப் பின்னலோடு வரைந்தேன். வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான். “பல்லு விழுந்துச்சே. அத மறந்துட்டியே” என்றான். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

மேசையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். நேரே காவல் நிலையத்தில் போய்ச் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். அக்கா, அங்கிருந்து கிளம்பு. இந்தக் கடிதம் போய்ச் சேருவதற்குள் நீயே கிளம்பியிருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

நெரி


ஃபுட்ஸ்க்ரே
2 செப்டம்பர்

அக்கா,

எங்கே இருக்கிறீர்கள்? சாப்பிடுகிறீர்களா? ஹெஸ்டரிடம் கேட்டால், “அவளா முகவரி அனுப்புற வரைக்கும் லெட்டர வச்சிருக்கச் சொன்னா. வச்சிருக்கேன். எனக்கு வேற ஒண்ணும் தெரியாது, கண்ணு” என்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. வாசல் மணி அடித்தால் அடுப்பை அணைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

தாங்கமாட்டாமல் ரொட்டிக் கடைக்கே போன் போட்டேன். முதலாளியம்மா எரிந்து விழுந்தாள். “அவ ஜூன்லயே நின்னுட்டா. சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டா. உங்களுக்கெல்லாம் என்னதான் வேணும்? போன மாசம் ஒரு ஆளு வந்து நாள் பூரா எதிர்ல காரப் போட்டுட்டு உக்காந்திருந்தான்.”

ஜூனிலேயே! பூனை, கூந்தல், எல்லாம் இப்போதுதான் புரிகிறது. தப்பித்துவிட்டாய் என்று அழுதேன். அவன் விடமாட்டான் என்று அப்புறமும் அழுதேன்.

அதனால் ஒன்று செய்திருக்கிறேன். நீ எங்கே இருந்தாலும் அவன் வேறு திசையில் போகட்டும். என் இதழை அவன் வரி விடாமல் படிக்கிறான். படிக்கட்டும்! வசந்த இதழில் என் தபால்காரி கடலோரத்துக்கு மாற்றலாகிப் போகிறாள். சின்ன வயதில் அப்பா கோடை விடுமுறைக்குக் கூட்டிப்போவாரே, மேற்கே அந்தப் படகுத்துறை ஊர், அதன் பழைய புகைப்படங்கள் என்னிடம் இருந்தன. அதையே பின்னணியாக வரைந்தேன். ஓரத்தில், “புதுப் படங்களுக்கு நன்றி, அக்கா! கடற்காற்று உங்கள் இருவருக்கும் ஒத்துக்கொள்கிறதா?” என்று எழுதியிருக்கிறேன். அங்கே நமக்கு யாரும் இல்லை. போய்ப் பார்த்து ஏமாந்து திரும்பட்டும்.

முதல் தடவையாகப் புத்தியோடு ஒரு காரியம் செய்திருக்கிறேன் என்று நினைக்கிறேன். டில்லியைக் கட்டிக்கொள்.

நெரி


28 செப்டம்பர்

அன்புள்ள நெரி,

எப்படி இருக்கிறாய்? நேரத்துக்குத் தின்கிறாயா? என்னைத் திட்டிக்கொண்டிருப்பாய், திட்டு. நாங்கள் நன்றாக இருக்கிறோம். பொய் இல்லை, உண்மையாகவே நன்றாக இருக்கிறோம்.

உன் கடிதங்கள் ஹெஸ்டரிடம் கிடக்கும். அவளுக்கு இன்னும் முகவரி கொடுக்கவில்லை, பயம்தான். இதை ஒரு லாரிக்காரரிடம் கொடுத்து வேறு ஊரில் தபாலில் போடச் சொல்லியிருக்கிறேன்.

ஜூனில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிலையத்தில் நின்றபோது எங்கே போவதென்றே தெரியவில்லை. டில்லி, “அம்மா, உனக்கு எந்த ஊரு பிடிக்கும்?” என்று கேட்டாள். அவ்வளவுதான், சீட்டு வாங்கிவிட்டேன். பெயர் எழுதமாட்டேன். அப்பா நம்மைத் தோளில் உட்கார வைத்துப் படகுத்துறை முனைவரை நடப்பாரே, நீ அலையைப் பார்த்து ஓவென்று அழுவாயே, அங்கேதான் இருக்கிறோம். நீ இப்போதே சிரித்திருப்பாய்.

மீன் வறுத்து விற்கும் கடையில் வேலை. முதலாளி பனோஸ் வாய் ஓயாத கிரேக்கர், மனசு நல்ல மனசு. டில்லிக்கு இங்கே ரூபி என்று பெயர். அந்தப் பெயரைச் சொன்னால் மட்டும் திரும்பு என்று விளையாட்டு மாதிரி பழக்கியிருக்கிறேன். காலையில் கடலைப் பார்த்துக்கொண்டு தேநீர் குடிக்கிறேன். முதுகுவலிகூடக் குறைந்திருக்கிறது. இந்த ஊர் நமக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைக்கும்போது தூக்கம் வருகிறது.

அடுத்த மாதம் ஹெஸ்டருக்கு முகவரி அனுப்புவேன். அதுவரை பொறுத்துக்கொள்.

அன்புடன்
கோரலி


பேருந்தில்
9 அக்டோபர்

அக்கா,

இதை உன் கையில் கொடுக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். எதையாவது எழுதிக்கொண்டிருக்காவிட்டால் இந்தப் பேருந்தில் கத்திவிடுவேன்.

உன் கடிதம் இன்று காலைதான் வந்தது. வசந்த இதழ் கடைகளுக்குப் போய் மூன்று வாரம் ஆகிறது. மீன் கடைக்குப் போன் போட்டேன், யாரும் எடுக்கவில்லை. அந்த ஊர்க் காவல் நிலையத்துக்குப் போட்டேன். ஒரு பெண் பேசினாள். உன் பெயரைச் சொன்னதும் இருக்கச் சொல்லிவிட்டு யாரிடமோ கேட்டாள். பிறகு, “அதெல்லாம் சனிக்கிழமையே முடிஞ்சிருச்சும்மா. போன்ல எதுவும் சொல்லக்கூடாது. நேர்ல வாங்க” என்றாள்.

முடிந்துவிட்டது என்றால் என்ன அர்த்தம், அக்கா? எது முடிந்துவிட்டது? பக்கத்து இருக்கைக்காரி எனக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுக்கிறாள். கடவுளே, அவளிடம் என்ன சொல்வேன்?

நான்தான் அவனுக்கு வழி வரைந்து கொடுத்தேன்.


30 அக்டோபர்

நெரி,

நானும் டில்லியும் உயிரோடு, முழுசாக இருக்கிறோம். அதை முதலில் எழுதுகிறேன். நீ பேருந்தில் வந்து இறங்கியதாகவும், எங்கள் அறை காலியாகக் கிடப்பதைப் பார்த்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டதாகவும் பனோஸ் சொன்னார். நீ அவரிடம் விட்டுப்போன கடிதத்தைக் காவல் நிலையம் வழியாக எனக்கு அனுப்பிவைத்தார். காவலர்கள் சனிக்கிழமையே எங்களை வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். யாரிடமும் சொல்லக்கூடாது என்பது அவர்கள் போட்ட கட்டளை.

சனிக்கிழமை மத்தியானம் அடுப்படியில் உருளைக்கிழங்கு வெட்டிக்கொண்டிருந்தேன். முன்னால், “வினிகர் கொஞ்சம் தூக்கலாப் போடுங்க” என்று ஒரு குரல். டாரிலின் குரல் என்று தெரிந்ததும் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவன் உன் இதழைப் பனோஸிடம் காட்டினான். “இது வரைஞ்சது என் கொழுந்தியா. எம்பொண்டாட்டியும் புள்ளையும் இந்த ஊர்லதான் இருக்காங்க.”

நான் பனோஸிடம் எதையும் சொன்னதில்லை. என் முகத்தைப் பார்த்தே எதையோ புரிந்து வைத்திருந்தார் போல. படத்தை நிதானமாகப் பார்த்துவிட்டு, “நல்லா வரையுது பொண்ணு. ஆனா தம்பி, இந்த முனையில இருக்குதே விளக்கு, அது புயல்ல விழுந்து எத்தனையோ வருஷமாச்சு. ஏதோ பழைய போட்டோவப் பாத்து வரைஞ்சிருக்கா. உன்ன நல்லா ஏமாத்திட்டா” என்றார். இன்னொரு நாளாக இருந்தால் அவன் திரும்பிப் போயிருப்பான். நீ நினைத்தது நடந்திருக்கும். ஆனால் அவன், “வந்தது வந்தாச்சு, தின்னுட்டுப் போறேன்” என்று வெளியே பெஞ்சில் உட்கார்ந்தான். பனோஸ் உள்ளே வந்து, ஒன்றும் கேட்காமல் என் கையில் தொலைபேசியைக் கொடுத்தார். காவல் வண்டி பக்கத்து ஊரிலிருந்து வரவேண்டும்.

அப்போதுதான் நூலகத்திலிருந்து டில்லி வருவது ஜன்னலில் தெரிந்தது. ஓடிப்போனால் நான்தான் அவளைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும். வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு பார்த்தேன். அவள் பெஞ்சை நெருங்கியபோது அவன் தலையைத் தூக்கினான். கூந்தல் இல்லாததால் அவனுக்கு நிச்சயமில்லை. “டில்லி?” என்றான். அப்புறம் அன்பாக, அந்தப் பழைய குரலில், “டில்லிக்கண்ணு, அப்பா வந்திருக்கேன்டா” என்றான்.

ஏழு வயதுக் குழந்தை, நெரி. திரும்பவில்லை. நடையை வேகப்படுத்தவும் இல்லை. பயத்தில் பாவாடை நனைந்து கால் வழியே ஒழுகுகிறது, புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டு நேரே நடந்து மருந்துக்கடைக்குள் போய்விட்டாள். அவன் எழுந்து பின்னாலேயே போனான். மருந்துக்கடை வாசற்படியில் அவன் கால் வைத்தபோது வண்டி வந்தது.

உத்தரவை மீறியதற்காகப் பிடித்து வைத்திருக்கிறார்கள். கொஞ்ச நாளில் விட்டுவிடுவார்கள். எப்போதும் விட்டுவிடுவார்கள்.

காவல் நிலையத்தில் உன் இதழை என் முன்னால் வைத்தார்கள். நீ வரைந்த படகுத்துறை முனையில் அப்பாவின் தொப்பியோடு ஒருவர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். ஓரத்தில் நீ எழுதியதைப் படித்ததும், எங்களைக் காப்பாற்றத்தான் இப்படிச் செய்தாய் என்று புரிந்துவிட்டது. உனக்கும் எனக்கும் ஓடி ஒளிய ஒரே ஊர்தான் தெரிந்திருக்கிறது, பார்.

உன்மேல் கோபமே இல்லை என்றால் பொய். இருக்கிறது. அது போய்விடும். பயம்தான் போகாது. நீ யார் கேட்டாலும் சொல்லமாட்டாய், அது எனக்குத் தெரியும். ஆனால் உனக்குத் தெரிந்தால் உன் கை வரைந்துவிடும். மரமாகவோ, ஒரு வீட்டுக் கூரையாகவோ எங்காவது வந்துவிடும். அதனால் இந்தத் தடவை உனக்கும் சொல்லப்போவதில்லை. ஹெஸ்டர் இனிமேல் நம் கடிதங்களை வாங்கமாட்டாள். அவளைப் போய்த் தொந்தரவு செய்யாதே.

வேளைக்குச் சாப்பிடு. தனியாக இருக்காதே, யாரையாவது கூட வைத்துக்கொள். வரைவதை விட்டுவிடாதே, அது உன் பிழைப்பு.

டில்லி உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள். அவளுக்கு மறுபடியும் வேறு பெயர் வைத்திருக்கிறோம். அதை எழுதவில்லை.

உன்
அக்கா